வெரோனாவில் ஓபரா பார்க்கச் செல்பவர்களுக்கு: அரேனாவைச் சுற்றியுள்ள உணவகங்களில் எச்சரிக்கை

வடக்கு இத்தாலியின் வெரோனா நகரத்துக்குக் கோடையில் ஓபரா என்னும் இசைநாடகம் பார்க்கப் போகும் எண்ணம் உள்ளவர்கள், அரேனா அரங்கை ஒட்டியுள்ள உணவகங்களில் இரவு உணவுக்கு உட்காருவதற்கு முன் இந்தப் பதிவை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. நானும் என் கணவரும் மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு சென்றிருந்தபோது, ஒரே இரவில், ஒரே மேசையில், சாப்பாட்டிலும் பில்லிலும் கார்டு இயந்திரத்திலுமாக ஏமாற்றப்பட்டோம். உணவகத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. பெயரை எழுதினால் அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு, இதே வேலையைச் செய்யும் அடுத்த கடையில் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். அவர்கள் ஏமாற்றும் முறை தெரிந்திருந்தால் எந்தக் கடையிலும் தப்பித்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த ஊரின் நேரக் கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லாமே அதன் மேல்தான் நடக்கிறது. அரேனா என்பது கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கம். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்தியின் பிறந்த நூற்றாண்டு நினைவாக 1913-ஆம் ஆண்டு அங்கே அவருடைய ‘ஐதா’ ஓபராவை மேடையேற்றியதிலிருந்து, போர்க்கால இடைவெளிகளைத் தவிர, ஆண்டுதோறும் கோடை இரவுகளில் அங்கே ஓபரா நடந்து வருகிறது. கூரை இல்லாத அரங்கம் என்பதால் பொழுது சாய்ந்த பிறகு, இரவு ஒன்பது மணியை ஒட்டித்தான் தொடங்குவார்கள். இத்தாலியில் பெரும்பாலான உணவகங்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அடுப்பை அணைத்தால், மீண்டும் ஏழு மணி வாக்கில்தான் திறக்கும். ஆக, பல்லாயிரம் பேர் ஏழு மணிக்குப் பிறகு உட்கார்ந்து, சாப்பிட்டு, பணம் கொடுத்து, ஒன்பது மணிக்குள் அரங்கத்தின் வாயிலில் நிற்க வேண்டும். பில்லில் என்ன எழுதியிருந்தாலும் வாதாட யாருக்கும் நேரம் இருக்காது என்பது பரிமாறுபவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அரேனா நிற்கும் பியாட்சா ப்ரா சதுக்கத்தின் ஓரமாக லிஸ்தோன் என்ற அகலமான நடைபாதை ஓடுகிறது. அதன் நெடுகிலும் உணவகங்கள்தான். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அரேனாவின் வெளிச்சுற்றில் எஞ்சி நிற்கும் நான்கு வளைவுகளும் தெரிந்தன. 1117-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மற்றவை சரிந்துவிட்டன. அந்தக் காட்சிக்கும் சேர்த்துத்தான் விலை என்பதை ஏற்றுக்கொண்டே உட்கார்ந்தோம். அதில் எனக்குப் புகார் இல்லை.

மீன் விஷயம் முதலாவது. ப்ரான்சீனோ என்பது ஏறத்தாழ நம் ஊர்க் கொடுவாவைப் போன்ற கடல்மீன். உணவுப் பட்டியலில் அதற்கு எதிரே 8 என்ற எண்ணும், அதன் பக்கத்தில் எறும்பு அளவில் ‘ஹெச்.ஜி.’ என்ற இரண்டு எழுத்துகளும் இருந்தன. அதற்கு நூறு கிராம் என்று பொருள். இத்தாலியர்கள் பேச்சில் அதை எத்தோ என்பார்கள். அப்படி விலை எழுதுவது சட்டத்துக்கு உட்பட்டதுதான், நேர்மையான கடைகளிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் நேர்மையான கடையில், சமைப்பதற்கு முன் மீனைத் தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுவந்து காட்டி, எடையைச் சொல்லி, நாம் தலையாட்டிய பிறகே அடுப்புக்கு எடுத்துச் செல்வார்கள். இங்கே என் கணவர், “ஒருவர் சாப்பிடும் அளவில் ஒரு மீன், எவ்வளவு ஆகும்?” என்று தெளிவாகக் கேட்டதற்கு, “சின்ன மீன்தான், ஒருவருக்குச் சரியாக இருக்கும்” என்ற பதில் வந்ததே தவிர எடையும் வரவில்லை, மீனும் கண்ணில் படவில்லை. வந்தது முள் நீக்கி, துண்டு போட்டு, உருளைக்கிழங்கோடு பரப்பி வைத்த ஒரு பெரிய தாம்பாளம். துண்டு போட்ட மீனின் எடையை யாரால் சரிபார்க்க முடியும்? பில்லில் 1 கிலோ 350 கிராம் என்று இருந்தது, 108 யூரோ.

என் மாமியார் சைவம். காளான் ரிசோட்டோ கேட்டோம். சைவமா என்று கேட்டதற்கு ஆமாம் ஆமாம் என்று இருமுறை சொன்னார் பரிமாறியவர். முதல் கரண்டியை வாயருகே கொண்டுபோன அத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, “ஏம்மா, இதில் கறிக்குழம்பு வாடை அடிக்கிறதே” என்றார். நான் முகர்ந்து பார்த்தேன், சந்தேகமே இல்லை. ரிசோட்டோ என்பது அரிசியில் சூடான வடிசாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வேகவைக்கும் பண்டம். அந்தச் சாறு காய்கறிச் சாறாகவும் இருக்கலாம், மாட்டிறைச்சியையோ கோழியையோ எலும்போடு கொதிக்கவைத்த ‘ப்ரோதோ’வாகவும் இருக்கலாம். பலமுறை வற்புறுத்திய பிறகு சமையலறையிலிருந்து வந்த பதில், இறைச்சி ப்ரோதோ என்பதுதான். மேலே கறித்துண்டு தெரியாவிட்டால் சைவம் என்பது அவர்கள் கணக்கு. தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அதற்கான 19 யூரோ பில்லில் அப்படியே இருந்தது. அத்தை அன்றிரவு ரொட்டியும் தண்ணீருமாகச் சாப்பிட்டுவிட்டு ஓபரா பார்த்தார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் பணத்தைப் பற்றியதல்ல, இதைப் பற்றியதுதான்.

சைவ உணவுக்காரர்கள் வெரோனாவில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே குதிரை இறைச்சி வழக்கமான உணவு. பஸ்திசாதா என்ற பெயரில் மதுவில் ஊறவைத்துச் சமைப்பார்கள். ஸ்ஃபிலாச்சி என்ற பெயரில் நூல் நூலாகப் பிய்த்த குதிரை உப்புக்கண்டத்தை சாலட் மேலும் பீட்சா மேலும் தூவுவார்கள். பார்வைக்குத் துருவிய ஏதோ காய்போல இருக்கும். ‘கவால்லோ’ என்ற சொல்லைப் பட்டியலில் கண்டால் குதிரை என்று புரிந்துகொள்ளுங்கள். இறைச்சி இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது. “இறைச்சிச் சாறும் கூடாது” என்பதை இத்தாலிய மொழியில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுவதே பாதுகாப்பு.

பில் வந்தபோது மணி எட்டேமுக்கால். மீன், ரிசோட்டோ, மாமனாரின் பீட்சா, என்னுடைய பாஸ்தா, இரண்டு புட்டித் தண்ணீர் ஆகியவற்றுக்கு மேல் ஆளுக்கு 4 யூரோ வீதம் ‘கொபெர்த்தோ’ போட்டிருந்தார்கள். இது மேசை விரிப்புக்கும் ரொட்டிக்குமாக இத்தாலிய உணவகங்கள் வாங்கும் இருக்கைக் கட்டணம். ரோம் நகரம் உள்ள லாட்சியோ மாநிலம் 2006-ஆம் ஆண்டே இதைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. வெரோனா உள்ள வெனெத்தோவில் அத்தகைய தடை இல்லை, ஆகவே வாங்குவது குற்றமல்ல. ஆனால் தொகையை உணவுப் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும், எழுதிய தொகையைத்தான் வாங்க வேண்டும். வாசலில் மாட்டியிருந்த பட்டியலில் அது 2 யூரோ 50 சென்ட். அதுவும் போதாமல், எந்தப் பட்டியலிலும் இல்லாத 12 சதவீதச் சேவைக் கட்டணம் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மொத்தம் 204 யூரோ 96 சென்ட்.

என் கணவர் உட்காருமுன் வாசல் பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அதைக் காட்டியதும், அது பழைய பட்டியல் என்றார்கள். அப்போதுதான் நாங்கள் கையில் வைத்திருந்த தாளின் தலைப்பைக் கவனித்தோம்: ‘ப்ரெகோந்தோ’ என்றும், அதன் கீழே வரிக்கணக்குக்கு உரியதல்ல என்றும் அச்சிட்டிருந்தது. இது வெறும் முன்கணக்கு. உண்மையான ரசீதுக்கு ‘ஸ்கொந்த்ரீனோ’ என்று பெயர், அதைக் கொடுத்தே தீர வேண்டும். முன்கணக்கைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு, ரசீதே போடாமல் விட்டால் அந்த விற்பனை வரிக்கணக்கில் ஏறாது. ரொக்கமாகக் கொடுத்தால் 10 யூரோ குறைக்கிறேன் என்று மேலாளர் சொன்னதன் பொருளும் அதுதான்.

நாங்கள் குரலை உயர்த்தவில்லை. ஸ்கொந்த்ரீனோ வேண்டும், இல்லையென்றால் 117-க்கு அழைக்கிறோம் என்று மட்டும் சொன்னோம். 117 என்பது இத்தாலியில் வரி ஏய்ப்பைக் கவனிக்கும் நிதிக் காவல்படையின் எண்; சாம்பல் நிறச் சீருடை, காலரில் மஞ்சள் தீச்சுடர் சின்னம். அந்த எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் சேவைக் கட்டணம் மறைந்தது, கொபெர்த்தோவும் வாசல் பட்டியலில் உள்ளபடி இறங்கியது. மீனிலும் ரிசோட்டோவிலும் ஒரு சென்ட்கூடக் குறைக்கவில்லை. 177 யூரோ. மாமனார், “போதும், விடுப்பா, நாடகம் ஆரம்பித்துவிடும்” என்றார், நாங்களும் எழுந்துவிட்டோம்.

அவர்கள் கடைசிக் கையை வைத்தது கார்டு இயந்திரத்தில். இந்தியக் கார்டைச் செருகியவுடன் அந்த இயந்திரம் யூரோவிலா ரூபாயிலா என்று கேட்கும். தேர்ந்தெடுக்க வேண்டியது கார்டு வைத்திருப்பவர் என்பது கார்டு நிறுவனங்களின் விதி. பரிமாறியவர் இயந்திரத்தைத் தன் பக்கம் திருப்பி ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, கடவு எண்ணைப் போடும் திரையோடு என் கணவரிடம் நீட்டினார். ஓபரா முடிந்து விடுதிக்கு வந்து ரசீதைப் பார்த்தால், 17,169 ரூபாய். ஒரு யூரோவுக்கு 97 ரூபாய் வீதம் போட்டிருந்தார்கள். அன்றைய மதிப்பு ஏறத்தாழ 90. அதாவது 1,200 ரூபாய்க்கு மேல் காற்றோடு போயிற்று. அதைவிடக் கொடுமை, ரூபாயில் செலுத்துவதை வாடிக்கையாளரே தேர்ந்தெடுத்தார் என்ற ஒரு வரி ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ஊர் திரும்பி வங்கியில் முறையிட்டபோது, அந்த வரியைக் காட்டியே கோரிக்கையைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். சில இந்திய வங்கிகள் இப்படி ரூபாயில் நடக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். இயந்திரத்தை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். திரையில் ரூபாய் தெரிந்தால் எண்ணைப் போடாமல் ரத்து செய்யச் சொல்லி, யூரோவில் மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். பணம் எடுக்கும் இயந்திரங்களிலும் இதே கேள்வி வரும், அங்கேயும் யூரோதான்.

வெரோனா முழுவதும் பொய் வியாபாரம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ரோமியோ ஜூலியட் நாடகத்து ஜூலியட்டின் வீடு என்று கூட்டம் அலைமோதும் அந்த வீட்டின் மாடம், சென்ற நூற்றாண்டில் அருங்காட்சியகத்தார் பழைய கற்களைக் கொண்டு சேர்த்தது; ஜூலியட் என்ற பெண் அங்கே வாழ்ந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் அதை அந்த ஊர்க்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள், தெரிந்தே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறோம், யாருக்கும் நட்டமில்லை.

மறுநாள் சதுக்கங்களின் பக்கமே போகாமல், ஊரின் மேற்கே சான் சேனோ தேவாலயத்தை ஒட்டிய பகுதிக்கு நடந்து போனோம். ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டைக்கென்றே ஒரு ‘ஞோக்கி அப்பா’வைத் தேர்ந்தெடுத்து, கார்னிவல் திருவிழாக் காலத்து வெள்ளிக்கிழமையில் ஊர்வலம் விடும் பேட்டை அது. அங்கே ஒஸ்தெரியா எனப்படும் ஒரு சிறிய, எளிய உணவகத்தில் கரும்பலகையில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்த விலைதான் பில்லிலும் இருந்தது. எங்கள் தாளைப் படித்துப் பார்த்த அம்மையார் சமையலறைக்குள் போய் விசாரித்துவிட்டு வந்து, தக்காளிக் குழம்பில் இறைச்சி கிடையாது, ஆனால் ஞோக்கி மாவில் முட்டை உண்டு, வேண்டாமென்றால் காளானும் போலேந்தாவும் தருகிறேன் என்றார். அத்தை போலேந்தாவைச் சோளக்களி என்று அடையாளம் கண்டு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காபியும் அப்படித்தான்: பார் என்று அங்கே சொல்லும் காபிக்கடையின் கல்லாமேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, அதையே சதுக்கத்து மேசையில் உட்கார்ந்து குடித்தால் அதைப்போல் சில மடங்கு, உள்ளூர்க்காரர்கள் காலையில் நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

ஓபரா இரவன்று மட்டும், ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில் அரேனா அருகே சாப்பிடுவதை அறவே தவிர்க்கலாம். மதியச் சாப்பாட்டைப் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் ஊர்க்காரர்கள் சாப்பிடும் பகுதியில் வயிறார முடித்துவிட்டு, மாலையில் பேக்கரியில் ரொட்டியோ ஃபொக்காச்சா என்ற தட்டை ரொட்டியோ வாங்கிக்கொள்ளுங்கள். ஓபரா முடிய நள்ளிரவு தாண்டிவிடும், அந்தக் கூட்டத்துக்காகவே அடுப்பை அணைக்காமல் வைத்திருக்கும் கடைகள் அங்கே உண்டு. அப்போது உங்களைப் பிடித்துத் தள்ளும் கடிகாரம் எதுவும் இருக்காது. மீனின் எடையைக் கேட்டு, பட்டியலைப் படம் எடுத்து, ரசீது வரும்வரை நிதானமாக உட்கார்ந்திருக்கலாம்.