லாப்டாப் பிணைச்சல்: வீட்டில் செய்யும் பழுதுகளில் எது நின்றுபிடிக்கிறது?

திரை ஆடத் தொடங்கினால் எல்லோரும் ஸ்க்ரூவைத்தான் தேடுவார்கள். முதலில் எது ஆடுகிறது என்று பாருங்கள். திரை தானாகப் பின்னால் சாய்ந்தால், திரையை அடிப்பகுதியோடு இணைக்கும் பிணைச்சலின் பிடி தளர்ந்திருக்கிறது. திறக்கும்போது மூலை பிளந்து "டக்" என்று சத்தம் கேட்டால், பிணைச்சல் இறுகிப்போய், தன்னைத் தாங்கும் பிளாஸ்ரிக்கைப் பெயர்த்துவிட்டது.

முதலாவது சின்ன வேலை. பிணைச்சல் தண்டின் நுனியில் உள்ள நட்டை 1/8 சுற்று இறுக்கினால் போதும். நட் இல்லாமல் அடித்து மூடிய வகையென்றால் மாற்றத்தான் வேண்டும்.

வன்னியில் கூடுதலாக வருவது இரண்டாவது. வெக்கையில் கிரீஸ் காய்ந்து, புழுதியோடு சேர்ந்து கட்டியாகிவிடும். முல்லைத்தீவுக் கரையோரமென்றால் உப்புக்காற்றில் தண்டே துருப்பிடிக்கும். இந்த இறுக்கத்தை எடுக்காமல் ஒட்டினால் எந்தப் பசையும் நிற்காது. திரும்பத் திரும்ப உடையும் லாப்டாப்புகளில் பெரும்பாலும் இந்தப் படிதான் விடுபட்டிருக்கும்.

கீழ்மூடியைக் கழற்றியதும் பற்றரி இணைப்பை எடுத்துவிடுங்கள். பற்றரி வீங்கியிருந்தால் அதோடு நிறுத்துங்கள். மூலை பிளந்ததற்கே அது காரணமாக இருக்கலாம். ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் எம் 2, எம் 2.5 (அதாவது 2, 2.5 மில்லிமீற்றர் தடிப்பு). நீளம் மாறிப் பூட்டினால் மறுபக்கம் துளைத்துவிடும், அதனால் கழற்றிய ஒழுங்கிலேயே கடதாசியில் ஒட்டி வையுங்கள்.

பிறகு தண்டு நட்டை 1/8 சுற்று தளர்த்தி, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டு, பலமுறை மடக்கி விரியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். துரு கழற்றும் ஸ்பிரே வேண்டாம். திரைக்குள்ளும் போர்டிலும் பரவும்.

பிணைச்சல் ஸ்க்ரூ பூட்டுவதற்காகப் பிளாஸ்ரிக்கில் பதித்திருந்து பெயர்ந்த பித்தளை நட்டில் பிளாஸ்ரிக் துண்டுகள் ஒட்டியிருக்கும். உடைந்த இடத்தைச் சாண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்கி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். சுப்பர் குளூ அன்றைக்குப் பிடிக்கும். திறந்து மூடும் இழுவையில் கண்ணாடிபோல வெடிக்கும். இரண்டு ரியூப்பில் வரும், கலந்து பூசும் அரல்டைட் பசைதான் சரி, அதிலும் 5 நிமிட வகையை விட மெதுவாக இறுகும் வகை உறுதியானது. சம அளவில், பட்டாணியளவு மட்டும் கலக்குங்கள்; சித்திரை வெயிலில் சீக்கிரம் கட்டியாகும். ஸ்க்ரூப் புரியில் வாஸ்லின் பூசி, பித்தளை நட்டை அதன் இடத்தில் ஒட்டி, பிணைச்சலைப் பூட்டியபடியே 24 மணி நேரம் விடுங்கள். தனியாகக் காயவிட்டால் துளைகள் நேர்வராது.

தாங்கும் இடம் முழுதாகப் பொடிந்திருந்தால் பசையை நம்ப வேண்டாம். கீழ்மூடியில் 3 மில்லிமீற்றர் துளையிட்டு, எம் 2.5 போல்ட்டை வாசரோடு ஊடுருவவிட்டு நட்டால் பிடியுங்கள். பார்க்க அழகில்லை, ஆனால் வீட்டுப் பழுதுகளில் நீண்டகாலம் உழைப்பது இதுதான். துளையிட முன்பு மதர்போர்டை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

புதுப் பிணைச்சல் எடுப்பிப்பதென்றால் லாப்டாப்பின் அடியிலுள்ள முழு மொடல் இலக்கத்தையும் கொடுத்து, இடம் வலம் சோடியாகவே வாங்குங்கள். ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால் திரை முறுகும்.

திரும்பப் பூட்டும்போது திரைக் கேபிளைக் கவனியுங்கள். பிணைச்சலோடு ஒட்டி ஓடும் அது நசிந்தால், சில கோணங்களில் மட்டும் படம் மினுங்கும்.