செஸ்னா 172 பார்க்கிங் பிரேக்: வேலூர் வெயிலில் எவ்வளவு நம்பலாம்?

அப்துல்லாபுரம் விமான நிலையம், சிறு நகரங்களுக்கு விமான சேவை தரும் மத்திய அரசின் உதான் திட்டத்தில் சேர்ந்த பிறகு, வேலூரில் சிறிய விமானங்களைப் பற்றி ஆர்வத்தோடு விசாரிப்பவர்கள் உண்டு. செஸ்னா 172எஸ் விமானத்தில் பயிற்சி பெற்றவன் என்ற முறையில், அதிகம் பேசப்படாத அதன் பார்க்கிங் பிரேக்கை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

முன்சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. பின்னால் உள்ள இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் தனித்தனியே டிஸ்க் பிரேக் உண்டு. பெடல்களின் மேல்பகுதியைக் கால்விரல்களால் அழுத்தினால், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (ஆயிலை அழுத்தித் தள்ளும் குழல்) செல்லும் ஆயில் பேடுகளை டிஸ்க்கோடு சேர்த்து இறுக்குகிறது. அழுத்திய காலை எடுக்காமலேயே, கருவிப் பலகைக்குக் கீழே இடப்பக்கம் உள்ள கைப்பிடியை இழுத்து 90 டிகிரி கீழ்நோக்கித் திருப்பினால் அந்த அழுத்தம் பூட்டிக்கொள்ளும். கைப்பிடி இருக்கும் நிலையைப் பார்த்தே பிரேக் போட்டிருக்கிறதா என்று அறியலாம் என்பது நல்ல அம்சம். ஆனால் இன்ஜின் ஓடும்போது குனிந்து கைப்பிடியைத் தேட வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வகையில் பைப்பர் செரோக்கீ என்ற மற்றொரு சிறிய விமானத்தின் கை நெம்புகோல் மேலானது.

நம் ஊர் லாரி ஓட்டுநர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஏர் பிரேக் லாரியில் காற்று இறங்கினால் ஸ்பிரிங் தானே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே அப்படிப் பிடிக்க ஸ்பிரிங் எதுவும் இல்லை. ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் சீலில் சிறிதளவு கசிந்தாலும் அழுத்தம் குறைந்து, ஆளில்லாத விமானம் நகரத் தொடங்கும். அடைபட்ட ஆயில் கத்திரி வெயிலில் விரிவடைந்து சீல்களைச் சிரமப்படுத்தும்; இரவில் குளிர்ந்து சுருங்கினால் பிடி தளரும். தரையிறங்கியதும் சூடாக இருக்கும் டிஸ்க்கை இறுக்கிப் பூட்டி வைப்பதும் நல்லதல்ல. ஆகவே இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கும் சோதிப்பதற்கும் இந்தப் பிரேக் தாராளமாகப் போதும்; விமானத்தை விட்டுச் செல்லும்போது சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இறக்கைகளையும் வாலையும் கயிற்றால் கட்டிய பிறகு, பிரேக்கை விடுவித்துவிடுவதே சரியான முறை.

பராமரிப்பில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதற்கான ஆயில் சிவப்பு நிற மினரல் ஆயில். கார் கடையில் கிடைக்கும் பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். சக்கரத்தின் உட்புறத்திலோ கீழே தரையிலோ ஒரு சிவப்புத் துளி தென்பட்டாலும் மெக்கானிக்கை அழைத்துக் காட்டாமல் கிளம்பக் கூடாது.

புறப்படுமுன் இன்ஜினை நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு ஏற்றிச் சோதிக்கும்போது, பிரேக் போட்டாயிற்று என்று கருவிகளையே பார்த்துக்கொண்டிராமல், வெளியே அசையாத ஒரு பொருளின் மீதும் கண் வைத்திருங்கள். விமானம் இம்மியளவு நகர்ந்தாலும் திராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) குறைத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள்.