பேட்டரி பெட்டிக்குள் ஸ்பாஞ்ச்: எலக்ட்ரிக் சைக்கிள் வாங்குவோர் ஜாக்கிரதை

மூன்று மாதச் சம்பளம். மொத்தமாகப் போச்சு. நேற்று சாயங்காலம்தான் பேட்டரியைத் திறந்து பார்த்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தினமும் ஆபீஸ் போய்வரத்தான் எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கினேன். நெரிசலில் புகுந்து போகலாம், பெட்ரோல் செலவில்லை, வியர்த்து வழிந்துகொண்டு போய் உட்கார வேண்டியதில்லை. இதில் எதுவும் பொய்யில்லை. ஓடிய நாட்களில் அருமையாகவே ஓடியது. எனக்கு சைக்கிள் மேல் கோபமில்லை, விற்ற ஆள் மேல்தான்.

கடை பெயர் வேண்டாம். பல கம்பெனி வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஆன்லைனிலும் ஆர்டர் எடுக்கிற கடை. போனதும் விலையே பேசவில்லை. "முதல்ல ஓட்டிப் பாருங்க சார், பிடிச்சாத்தான் பேச்சு" என்று சாவியை நீட்டினார். ஒரு சுற்று வந்ததும் பேட்டரியைக் கழற்றி, அதன் ஸ்டிக்கரை விரலால் தட்டினார்: 48 வோல்ட், 20 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு). "பெருக்குங்க, 960 வாட்-அவர். கிலோமீட்டருக்கு 12 வாட்-அவர் போனாலும் 80 கிலோமீட்டர் வரும்."

கணக்கு சரிதான். கூடவே பெடலும் மிதித்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் செலவாகும். சூப்பர், பிரமாதம் என்று அளந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். பெருக்கல் போட்டுக் காட்டுகிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? மூன்று மாதச் சம்பளத்தை எண்ணி வைத்தேன்.

30 கிலோமீட்டரைத் தாண்டவே இல்லை. டிஸ்ப்ளேயில் மூன்று கோடு இருக்கும், மேம்பாலம் ஏறத் தொடங்கியதும் சட்டென ஒன்றாகும், அப்புறம் அணைந்துவிடும். மோட்டார் நின்றுபோன 25 கிலோ வண்டியை மேட்டில் மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கடையில் கேட்டால், "புது பேட்டரி சார், நாலஞ்சு சார்ஜ்ல செட் ஆயிடும்." அப்புறம், "டயர்ல காத்து பாத்தீங்களா?" அப்புறம், "நீங்க கொஞ்சம் வெயிட்டா இருக்கீங்கல்ல." அப்புறம் டெக்னீஷியன் லீவு. எப்போது கேட்டாலும் லீவு. கடைசியில் என் பில்லையே வாங்கித் திருப்பிக் காட்டினார். வாரண்டி மோட்டாருக்கும் ஃபிரேமுக்கும் மட்டும், பேட்டரி 'தேயும் பொருள்' என்று பொடி எழுத்தில் இருந்தது. விற்கும்போது முன்பக்கம், கேட்கப் போனால் பின்பக்கம்.

பேட்டரி ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திறக்கக்கூட இல்லை, முதலில் தராசில் வைத்தார். பேட்டரிக்குள் வரிசையாக அடுக்குகிற சின்ன உருளை செல்லுக்கு 18650 என்று பெயர், சாதாரணமாக ஒன்று சுமார் 45 கிராம். 2.5 ஏஎச் செல்லாக வைத்துக்கொண்டால், 48 வோல்ட்டுக்குத் தொடராக 13, 20 ஏஎச்சுக்கு இணையாக 8, ஆக 104 செல். செல்கள் மட்டுமே நாலரைக் கிலோவுக்கு மேல் வர வேண்டும். இங்கே பெட்டி, ஒயர் எல்லாம் சேர்த்தே மூன்றரைக் கிலோவைத் தொடவில்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே 52 செல், மீதி இடத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச். அந்த 52-ம் புதுசில்லை. புது உறை மாட்டியிருந்தார்கள், ஆனால் முனைகளில் புது வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே பழைய வெல்டிங்கைப் பிய்த்த தழும்பு அப்படியே தெரிந்தது.

போட்டோ அனுப்பினேன். உடனே பதில் வந்தது, இதற்கு மட்டும்: "நீங்க திறந்துட்டீங்க சார், இனி நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." திறக்காதபோது என்ன செய்து கிழித்தார்களாம்?

வாங்கப் போகிறவர்களுக்கு விளக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமையில்லை. பேட்டரியை எடை போடுங்கள். செல் எந்தக் கம்பெனி, எத்தனை ஏஎச் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வாரண்டியில் பேட்டரி என்ற வார்த்தையைத் தேடுங்கள். சமதரையில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை, பாதி சார்ஜில் மேடு ஏற்றுங்கள். முக்கியமாக, தூரம் வரவில்லை என்றதும் வேறு சார்ஜர் கொடுத்தால் தொடாதீர்கள். 13 செல் தொடராக உள்ள லித்தியம் பேக் 54.6 வோல்ட்டோடு நிற்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கலாம். எனக்கும் அப்படி ஒன்றை நீட்டினார்கள், மேலே 58.8 என்று போட்டிருந்தது.

மூன்று மாதச் சம்பளம் போனது போனதுதான். அதே கடையில் புது பேட்டரி எடுத்தால் பழைய கஸ்டமர் என்பதால் தள்ளுபடி உண்டாம்.