திருவிழா போனஸ்னு நம்ப வச்சு 4,800 ரூபாய் போச்சு – மதுரையில டெலிவரி ஓட்டுற எல்லாரும் படிங்க

இன்னிக்கு வந்த பேஅவுட்லயும் அந்த 4,800 ரூபாய் இல்ல. இதுக்கு மேல பொறுக்க முடியாது, எழுதிடுறேன்.

ஆப் பேரு வேணாம். சாப்பாடு டெலிவரி பண்ற ஆப். சித்திரைத் திருவிழா நெருங்குறப்ப ரேட்டைக் குறைச்சாய்ங்க. அண்ணா நகர்ல எடுத்து ஒத்தக்கடை வரைக்கும் போய்க் குடுத்தாலும், திரும்பி வர்ற தூரத்துக்குப் பைசா கிடையாது. பெட்ரோல், டயர், சர்வீஸ் எல்லாம் நம்ம காசு. காளவாசல், கே.கே.நகர், அண்ணா நகர் பசங்க எல்லாம் வாட்ஸ்அப்ல பேசி, திருக்கல்யாணத்தன்னைக்கு ஒருத்தரும் லாகின் பண்றதில்லன்னு முடிவெடுத்தோம். பழைய ரேட்டைத் திரும்பக் குடுக்கணும், அவ்வளவுதான் கேட்டது. கட்சி, கொடி எதுவும் கிடையாது.

முந்துன நாள் ராத்திரி டீம் லீடர் மாட்டுத்தாவணி டீக்கடைக்கு வந்தாரு. அவரும் முன்னாடி எங்களோட பையைத் தூக்கி ஓட்டுனவருதான். அதனாலதான் அத்தனை பேரும் நின்னு கேட்டோம். எல்லாருக்கும் டீ சொன்னாரு. "அண்ணே, ரேட்டு என் கையில இல்ல. அழகர் ஆத்துல இறங்கி முடியுற வரைக்கும் லாகின்ல இருங்க. ஆர்டர் காசு போக ஆளுக்கு 4,800 போனஸ். மேல பேசிட்டேன், என் புள்ள மேல சத்தியம்"னாரு. எங்கள்ல மூத்தவரு ஒருத்தர், "எழுத்துல குடு தம்பி"ன்னு கேட்டாரு. "குரூப்ல போட்டா மத்த ஊர்க்காரங்களும் கேப்பாங்கண்ணே"ன்னு சொல்லி அவர் தோள்ல கையைப் போட்டாரு. புள்ள மேல சத்தியம் பண்றவரை எப்படி நம்பாம இருக்குறது? விடிஞ்சதும் ஒவ்வொருத்தரா லாகின் ஆயிட்டாங்க.

கோரிப்பாளையத்துல ரோட்டை அடைச்சாச்சு, ஏ.வி. பாலம் முழுக்க ஜனம். வண்டியை ஓரங்கட்டிட்டு பார்சலோட நடந்தே போய்க் குடுத்தோம். அழகரை எதிர்கொண்டு வரவேற்குற எதிர்சேவை அன்னிக்கு தல்லாகுளத்துப் பக்கம் போன் சிக்னலே எடுக்கல.

அதையே காரணமாக்கிட்டாய்ங்க. "ஜோனுக்கு வெளிய இருந்திருக்கீங்க, லாகின் நேரம் பத்தல"ன்னு ஆப்ல ஒரே பதில். ரோட்டை அடைச்சது போலீஸ், சுத்திப் போனது நாங்க, பணத்தை நிறுத்துனது அவிய்ங்க. டீம் லீடர் முதல்ல "வியாழக்கிழமை ஏறிடும்ணே"ன்னாரு. அப்புறம் "மெயில் போட்டிருக்கேன்." அப்புறம் என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாரு. பைபாஸ் ரோட்டுல இருக்குற ஆபீசுக்குப் போனா செக்யூரிட்டி படியேற விடல. ஆப்ல புகார் போட்டா யாரும் பேசாமலே 'தீர்க்கப்பட்டது'ன்னு மூடுறாய்ங்க. 4,800 ரூபாய் தராமலே என்னத்தைத் தீர்த்தாய்ங்க? குரூப்ல சத்தமாக் கேட்ட பையனோட ஐடியை நிறுத்திட்டாய்ங்க, காரணமும் சொல்லல. கர்நாடகாவுல 2025-ல வந்த சட்டப்படி ஒரு ஆளை நீக்கணும்னா காரணம் எழுதி 14 நாளைக்கு முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும். அந்தச் சட்டம் இங்கயும் வரணும்.

நம்மளை 'பார்ட்னர்'னு ஒப்பந்தத்துல போட்டுத்தான் கூலிச் சட்டத்துல இருந்து நழுவுறாய்ங்க. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல கிக் (gig) தொழிலாளி, அதாவது நம்மள மாதிரி நிரந்தர வேலை இல்லாம ஓட்டுறவங்கன்னு, நம்ம பேரு இருக்கு. கம்பெனி வருஷ வருமானத்துல 1 முதல் 2 சதவீதம் நிதிக்குக் கட்டணும்னும் இருக்கு. ஆனா அது காப்பீடு மாதிரி நலத்திட்டங்களுக்கு. ஒரு ஆர்டருக்கு குறைஞ்சது இவ்வளவு கூலின்னு அதுல எங்கயும் கிடையாது. அதுக்கு நாமதான் ஒண்ணாக் கேக்கணும். அதைத்தான் ஒரு டீயைக் குடுத்து உடைச்சாய்ங்க.

அவசரமா நாலு விஷயம். வாயால சொல்ற போனசை நம்பாதீங்க, ஆப்ல காட்டுனா மட்டும் ஓட்டுங்க. ரேட் கார்டு, லாகின் நேரம் ரெண்டையும் தினம் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, ஐடி போச்சுன்னா எதையும் பார்க்க முடியாது. டீம் லீடர் பேச வந்தா தனியாப் போகாதீங்க. தமிழ்நாட்டுல 2023-ல கிக் தொழிலாளர் நல வாரியம் வந்திருக்கு, அதுல பதிய இலவசம். பதிஞ்சு தர்றேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க.

திருவிழாவுல ஓட்டுன யாருக்காவது அந்த 4,800 முழுசா ஏறியிருந்தா கீழ சொல்லுங்க. அந்த ஸ்கிரீன்ஷாட்டை வச்சுத்தான் மத்தவங்களுக்கும் கேக்கணும்.