திலந்தோங்கோ: மான்தோல் ஏடா, மலையுச்சியா?

மெக்சிகோவின் வாஹாக்கா மாநில மலைகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கிற சின்ன ஊர், சாந்தியாகோ திலந்தோங்கோ. ஒரு காலத்தில் மிஷ்தெக் என்ற பழங்குடி மக்களின் அரசர்களுக்குத் தலைநகரம். அதன் பழைய வரலாற்றுக்குள் நுழைய இரண்டு வாசல்கள்: மான்தோலில் வரைந்த மடிப்பேடுகள், மோன்தே நேக்ரோ மலைமேல் தோண்டியெடுத்த இடிபாடுகள்.

ஏட்டில் ஆளுக்குப் பெயர் உண்டு. எட்டுப் புள்ளி, கூடவே ஒரு மான் தலை இருந்தால் அவர்தான் அரசர் ‘எட்டு மான்’. பிறந்த நாள்தான் பெயர். ஊரைக் குறிக்கும் மலைப்படத்தில் அம்பு தைத்திருந்தால் அந்த ஊரைப் பிடித்தாயிற்று. காலடித் தடம் என்றால் பயணம். எட்டு மான் 1063இல் பிறந்தவர், கடலோரத் தூதுதெபெக்கையும் திலந்தோங்கோவையும் ஆண்டு, 1115இல் பலியிடப்பட்டார். இதெல்லாம் உண்மையான அரச வம்ச வரலாறு என்பதை 1949இல் மெக்சிகோத் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ நிறுவினார். சரி, குறை? முழுக்க அரண்மனைப் பெருமை. சோளம் விதைத்தவருக்கு அதில் இடமே இல்லை. பெரும்பாலான ஏடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு போன்ற ஐரோப்பிய ஊர்களுக்குப் போக வேண்டும், அது தனி வயிற்றெரிச்சல்.

மோன்தே நேக்ரோவைத் தோண்டியதும் அதே காசோதான். கி.மு. 300 வாக்கில் எழுந்த ஊர், எட்டு மானுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. கல் தூண்கள், கோயில்கள், முற்றத்தைச் சுற்றிக் கட்டிய வீடுகள். ஆனால் அங்கே வாழ்ந்த ஒருவர் பெயர்கூடத் தெரியாது.

கதை வேண்டுமென்றால் ஏடுதான், சந்தேகமே இல்லை. ஊர் எப்படித் தொடங்கியது என்று கேட்டால் மட்டும் நான் மலைப்பக்கம். ஏடு, முதல் மூதாதையர் மரத்திலிருந்து பிறந்ததாக வரைந்து காட்டுகிறது.