இணையும் கருந்துளைகள்: கூடவே பிறந்தவையா, கூட்டத்தில் சேர்ந்தவையா?

ஜோடியாகவே பிறந்த இரு பெருவிண்மீன்கள், வாயுவைப் பரிமாறி நெருங்கி, கருந்துளைகளாகிப் பின் இணைவது ஒரு வழி. இவற்றின் தற்சுழற்சி அச்சுகள் பெரும்பாலும் சுற்றுப்பாதை அச்சோடு ஒத்துப்போகும். விண்மீன் இறக்கும்போது நிகழும் சூப்பர்நோவா வெடிப்பு உதைத்தால் சற்றுச் சாயும்.

மற்றது, அடர்ந்த விண்மீன் கொத்தில் தனித்தனியே உருவானவை, நெருக்கடியில் துணை மாற்றி மாற்றிச் சேர்வது. அங்கே அச்சு எந்தத் திசையிலும் நிற்கும். ஏற்கெனவே ஓர் இணைப்பில் பிறந்த கருந்துளை மீண்டும் ஜோடி சேரலாம். அதன் சுழற்சி, உச்சவரம்பை 1 என வைத்தால், சுமார் 0.7. 2019 மே 21 அன்று பதிவான ஈர்ப்பலையில் (கருந்துளைகள் இணையும்போது வெளியில் பரவும் அதிர்வு) இணைந்தவற்றின் நிறைகள் ஏறத்தாழ 85, 66 சூரியன்கள். அந்த எடைக்கு வரவேண்டிய விண்மீன் பொதுவாக முழுதும் வெடித்துச் சிதறிவிடும் என்பதால், இவை முந்தைய இணைப்பில் பிறந்தவையாகலாம்; கொத்து வழிக்கே என் ஓட்டு.

சிக்கல் அளவீட்டில்தான். அலையிலிருந்து ஓரளவு நன்றாகக் கிடைப்பது, சுற்றுப்பாதை அச்சின் திசையில் இரு சுழற்சிகளின் நிறைசார் சராசரி (கனமானதற்குக் கூடுதல் பங்கு). அது பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால், மெதுவாகச் சுழல்கின்றனவா, படுத்தபடி வேகமாகச் சுழல்கின்றனவா என்று பிரிப்பது கடினம். தெளிவான எதிர்மறை மதிப்பு, அதாவது சுற்றுப்பாதைக்கு எதிர்த்திசையில் சுழற்சி, வந்தால் கொத்தின் பக்கம் சாயலாம்.