130 மி.மீ. தொலைநோக்கியில் நிலவைப் படமெடுத்த 2 ஆண்டுகள்

என்னிடம் இருப்பது 130 மி.மீ. ஆடி கொண்ட நியூட்டோனியன் தொலைநோக்கி. குவியத்தூரம் 650 மி.மீ. மேசைமேல் வைக்கும் டாப்சோனியன் தாங்கி, மோட்டார் கிடையாது, கையால்தான் நகர்த்த வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்களான ஐபீஸ்கள் 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு கூடவே வந்தன. படமெடுப்பது செல்போனில். 2 ஆண்டுகளாக, மேகம் இல்லாத இரவுகளில் நிலா தெரிந்தால் இதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன்.

முதல் படங்களைப் பௌர்ணமியில் எடுத்தேன். எல்லாமே வெள்ளைத் தட்டு. கருவியில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் மனசே சரியில்லை. கருவி நன்றாகத்தான் இருந்தது, நாள்தான் சரியில்லை. பௌர்ணமியில் சூரிய ஒளி நிலவின் முகத்தில் நேருக்கு நேர் விழுகிறது. நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் பள்ளமும் மேடும் கேமராவுக்கு ஒன்றுதான். அன்று எடுக்கத் தகுந்தவை டைக்கோ பள்ளத்திலிருந்து நாலாபுறமும் தெறித்து ஓடும் வெள்ளைக் கதிர்கள்.

மற்றதெல்லாம் வளர்பிறையில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் நிழற்கோட்டின் ஓரத்தில் இருக்கிறது. சஷ்டி வாக்கில் தியோஃபிலஸ் பள்ளம், அஷ்டமி கழிந்ததும் 'நேர்ச்சுவர்' எனப்படும் நீண்ட சரிவான ரூப்பெஸ் ரெக்டா, தசமி வாக்கில் கோபர்னிக்கஸ் பள்ளம். காலண்டரில் திதியைப் பார்த்தே இன்றைக்கு எது தெரியும் என்று இப்போது சொல்லிவிட முடிகிறது.

கோபர்னிக்கஸ் 93 கி.மீ. அகலம், கிட்டத்தட்ட 4 கி.மீ. ஆழம். ஒரு தசமி இரவு, பள்ளம் முழுக்க மையிருட்டாக இருக்கும்போதே பார்க்க ஆரம்பித்தேன். கிழக்கு விளிம்பின் நிழல் தரையை மூடியிருந்தது. எதிர்ப்பக்கச் சுவரின் படிக்கட்டுகளில் மட்டும் வெயில். கொஞ்ச நேரத்தில் இருட்டுக்கு நடுவே ஊசிமுனை அளவில் ஒரு ஒளிப்புள்ளி. மையத்து மலையின் உச்சி அது. பக்கத்தில் இன்னொன்று. நிலவில் பகல், நடுக்கோட்டுப் பகுதியில் மணிக்குச் சுமார் 15 கி.மீ. வேகத்தில்தான் நகர்கிறது, சைக்கிள் மிதிக்கும் வேகம். வேறோர் உலகத்தில் பொழுது விடிவதை உட்கார்ந்த இடத்திலிருந்து படமெடுத்தேன். இந்தக் கருவி எனக்குக் கொடுத்ததில் இதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

படமெடுக்கும் முறை. போனைக் கையில் பிடித்து எடுப்பது வீண் வேலை, அதை ஐபீஸோடு பொருத்தும் ஹோல்டர் கட்டாயம். முதலில் வாங்கிய ஹோல்டரின் பிடி போனின் வால்யூம் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது, திருகும் சீக்கிரமே தளர்ந்துவிட்டது. வாங்குவதற்கு முன் உங்கள் போனைப் பொருத்திப் பாருங்கள். மூன்று கேமரா உள்ள போன் என்றால், அது தானாக லென்ஸ் மாற்றாதபடி முதன்மைக் கேமராவைப் பூட்டிவிடுங்கள். புரோ மோடில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100 வைத்து, நிலவின் பிரகாசமான பகுதி வெளுக்காத அளவுக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டுவேன். ஃபோகஸை நிழற்கோட்டில் உள்ள ஒரு பள்ளத்தின் விளிம்பில் பார்ப்பேன். 3 வினாடி டைமர் வைத்தால் விரல் பட்டு வரும் அதிர்வு அடங்கிவிடும்.

டி.எஸ்.எல்.ஆர். கேமராவை நேரடியாக மாட்டியும் பார்த்தேன். ஃபோகஸ் கிடைக்கவே இல்லை. இந்த வகைத் தொலைநோக்கிகள் பலவற்றில் ஃபோகஸர் போதுமான அளவு உள்ளே போகாது. உருவத்தை 2 மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸை இடையில் வைத்ததும் சரியானது.

ஆனால் படத்தின் தரத்தைக் கடைசியில் காற்றுதான் தீர்மானிக்கிறது. சில இரவுகளில் பள்ளங்கள் ஓடும் தண்ணீருக்கடியில் கிடக்கும் கூழாங்கல் போல நெளியும். அப்போது எந்த லென்ஸும் உதவாது. தொலைநோக்கியை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆடியைக் குளிரவிடுவதும், நிலா நன்றாக மேலேறும்வரை காத்திருப்பதும் பெரிய வித்தியாசம் காட்டின. இன்னொரு வழி வீடியோ. நிலா தன் அகலத்தையே சுமார் 2 நிமிடத்தில் கடந்துவிடுவதால், பள்ளத்தைப் பார்வை வட்டத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டு அதுவாக நகர்ந்து வர விட்டு ஒரு நிமிடம் பதிவு செய்வேன். அதிலுள்ள சுமார் 1,800 ஃபிரேம்களில் தெளிவான பத்து சதவீதத்தை ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் பொறுக்கி அடுக்கித் தரும். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் கூர்மை ஏற்றலாம். விளிம்புகளில் வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

நிலவின் கூசும் ஒளியைக் குறைக்கத் தனியாக வாங்கிய மூன் ஃபில்டர் பெட்டியிலேயே கிடக்கிறது, போனுக்கு அது தேவைப்படவில்லை. அப்போலோ இறங்கிய கலம் தெரியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெரியாது. இந்த ஆடியில் பிரித்துக் காணக்கூடியதே ஒன்றரை, இரண்டு கி.மீ. அளவுதான்.

சென்ற மாதம் பழைய படங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மாரே கிரிசியம் என்ற அந்த முட்டை வடிவக் கருந்திட்டு ஒரு படத்தில் விளிம்பை ஒட்டி நசுங்கிக் கிடக்கிறது. இன்னொன்றில் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, அதற்கும் விளிம்புக்கும் நடுவே நான் முன்பு பார்த்திராத நிலம் தெரிகிறது. நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டினாலும் லேசாகத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் காலப்போக்கில் அதன் பரப்பில் 59 சதவீதம்வரை நம் கண்ணில் படும். படித்துத் தெரிந்திருந்த அந்த அசைவு, நானே எடுத்த இரண்டு படங்களுக்கு நடுவில் இருந்தது.